புற்றுநோய் ஆய்வு: வாசல் திறந்த வரலாறு

அரபு மொழியில் புற்றுநோய்க்கு 'ஸரதான்' என்று பெயர். நண்டு என்பது அச்சொல்லின் பொருள். கிரேக்க வைத்தியர்களும் இந்நோயை நண்டின் பெயராலேயே அழைத்தனர். கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்தக் குழாய்கள் நண்டின் கால்களை நினைவூட்டியதே காரணம் என்பர். தமிழ்ச் சொல் வேறொரு காட்சியைத் தருகிறது. வெளியே சிறு மேடாகத் தோன்றி, உள்ளே கண்ணுக்குப் புலனாகாத வளைகளாய்ப் பரந்து செல்வது கறையான் புற்று. அப்பெயரே இந்நோய்க்கும் நின்றுவிட்டது.

பெயரிட்டவர்கள் நோயைக் கூர்ந்து நோக்கியவர்கள் என்பதில் ஐயமில்லை. இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்-கானூன்' பெருநூலில் ஸரதானைப் பற்றி எழுதுகையில், தொடக்க நிலையில் அதை மேலும் வளராமல் தடுக்க இயலும். முற்றிய பின் குணமாவது அரிது என்ற கருத்தைப் பதிவு செய்தார். ஸ்பெயினில் கொர்தோபாவுக்கு அருகே வாழ்ந்து 1013ஆம் ஆண்டை ஒட்டி மறைந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, நாட்பட்டுப் பெருத்துவிட்ட புற்றை அறுவையால் குணப்படுத்தத் தம்மால் இயன்றதில்லை என்று மறைக்காமல் எழுதினார்.

அதே ஸஹ்ராவீ தம் 'தஸ்ரீஃப்' நூலில் மற்றொரு செய்தியையும் குறித்து வைத்தார். பெண்களுக்குச் சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றும் அறுவையைப் பற்றிச் சொல்லுமிடத்தில், ஆடவரான வைத்தியரிடம் உடலைக் காட்டப் பெண்கள் நாணுவதையும், இக்கலையில் தேர்ந்த பெண் ஒருத்தி கிடைப்பது அரிதாயிருப்பதையும் எடுத்துரைக்கிறார். அத்தகைய நிலையில் மருத்துவச்சி ஒருத்தியை அழைத்து, வைத்தியர் சொல்லச் சொல்ல அவளைக் கொண்டு செய்விக்கலாம் என்றும் வழிகாட்டுகிறார்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்வரிகளில் ஆழ்ந்த உண்மை ஒன்று அடங்கியுள்ளது. நோயாளிக்கும் மருத்துவக் கலைக்கும் நடுவே பல வேளைகளில் ஒரு திரை தொங்குகிறது. சில இடங்களில் அது நாணத்தின் திரை. சில இடங்களில் வறுமையின் திரை. வேறு சில இடங்களில் சாதியின், நிறத்தின், மொழியின் திரை. திரைக்கு அப்பால் உள்ளவர்களில் ஒருவர் அக்கலையைக் கற்றாலன்றி, அங்குள்ள நோய் அறியப்படுவதில்லை. எவருக்குப் பயிற்சி கிடைக்கிறதோ, அவருடைய கண்ணுக்கு எட்டிய நோயே ஆராயப்படுகிறது. புற்றுநோய் ஆய்வின் வரலாறு முழுவதும் இதற்குச் சான்று பகர்கிறது. அவ்வரலாற்றின் முக்கியமான பக்கம் ஒன்று நம் திண்டுக்கல் சமவெளியில் எழுதப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியார்.

கோஷா ஆஸ்பத்திரி

1875ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்த்துக் கொள்ளப்பட்டனர். இங்கிலாந்திலேயே பெண்களுக்கு மருத்துவக் கல்வியின் கதவு சரிவரத் திறக்காத காலம் அது. அந்நால்வருள் ஒருவர் மேரி ஷார்லீப் அம்மையார். வழக்கறிஞரான தம் கணவருடன் சென்னைக்கு வந்தவர். திரைக்குள் வாழ்ந்த முஸ்லிம் பெண்களும், உயர்குடி இந்துப் பெண்களும் ஆடவ மருத்துவரை அணுக மனமின்றி, பேறுகாலத்திலும் நோயிலும் மடிவதைக் கேட்டு மனம் வருந்தியே அவர் மருத்துவம் கற்க முனைந்தார். சென்னையில் கற்றுத் தேறி, இலண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1885இல் அவருடைய முயற்சியால் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை தோன்றியது. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்னும் பெயரோடு இன்று விளங்குவது அதுவே. ஆயினும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்ற பழைய பெயரே நம் குடும்பங்களில் நெடுங்காலம் வழங்கியது.

கோஷா என்னும் சொல் நம் சமுதாயத்தின் சொல். அச்சொல்லையே தன் பெயராகத் தாங்கிய மருத்துவமனை ஒன்று, திரையைக் குறை கூறாமல், திரைக்குள் செல்லத்தக்க மருத்துவரை உருவாக்கி நோயாளியை அடைந்தது. ஆனால் அம்மருத்துவர்கள் நம் வீடுகளிலிருந்து வரவில்லை. நம் பெண்கள் நோயாளிகளாக அவ்வாசலில் நுழைந்தனர். கற்பவர்களாக நுழையப் பல பத்தாண்டுகள் ஆயின.

புதுக்கோட்டையிலிருந்து அடையாறு வரை

அவ்வாறு கற்பவராக நுழைந்த முதல் தமிழ்ப் பெண்களுள் தலைசிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் தேவதாசி மரபில் வந்தவர். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர். ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஒரு பெண் சேர்வதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளித்தார். பெண் என்பது ஒரு தடை, பிறந்த மரபு மற்றொரு தடை. இரண்டையும் கடந்து 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் சிறப்புடன் தேறினார்.

1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். மருத்துவரான தமக்கை அருகிருந்தும் காக்க வகையில்லை. அந்நாளில் இந்நாட்டில் புற்றுநோய்க்கென்று முறையான பயிற்சி பெற்றவர் அரியர். 1925இல் அரசின் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு இலண்டன் சென்று, பெண்கள் குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற்றதோடு புற்றுநோய் மருத்துவத்தையும் கற்று வந்தார். சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய பணிகளும் அவ்வை இல்லத்தின் வரலாறும் நாடறிந்தவை. ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு, வந்தவர் மாண்டு போவதுதானே வழக்கம் என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தோரிடமும் நிலவியது. அவர் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள், 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பணி தொடங்கியது. வெளிநாட்டில் இத்துறையைப் பயின்று திரும்பிய அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் தூணாக நின்றார். மறு ஆண்டிலேயே டாக்டர் சாந்தா (1927–2021) வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் வேலை காத்திருக்க, அதை விடுத்து இச்சிறிய இடத்தைத் தேர்ந்து, வாழ்நாள் முழுவதும் அவ்வளாகத்திலேயே கழித்தவர் அவர்.

இம்மருத்துவமனை சிகிச்சையோடு நில்லாமல் பயிற்சியையும் தன் கடமையாகக் கொண்டது. 1984இல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் புற்றுநோய் மருத்துவத்திலும் புற்றுநோய் அறுவையிலும் உயர் சிறப்புப் பட்டப் படிப்புகள் அங்கே தொடங்கப்பட்டன. 1925இல் ஒரு பெண்ணுக்கு வழங்கப்பட்ட உதவித்தொகை, அறுபது ஆண்டுகளுக்குள் ஒரு கல்லூரியாக விளைந்த கணக்கை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹார்லெம் நகர்ப் புறத்தில்

கடல் கடந்த நாடுகளிலும் இக்கதை இவ்வாறே நிகழ்ந்தது. அமெரிக்காவில் கறுப்பு நிறத்தவரான மருத்துவர்களுக்குப் பெரும்பாலான மருத்துவமனைகள் இடமளிக்க மறுத்த காலம். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் 1915இல் பட்டம் பெற்ற லூயிஸ் ரைட், நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் 1948இல் புற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். அங்கு அவரோடு பணியாற்றிய மகள் ஜேன் ரைட் (1919–2013), தந்தையின் மறைவுக்குப் பின் 1952இல் அதன் தலைமையை ஏற்றார். அக்காலத்தில் இரத்தப் புற்றுக்கே பயன்பட்டு வந்த மருந்து வகைகள் மார்பகம் போன்ற உறுப்புகளின் கட்டிகளுக்கும் பயன்படும் என்று காட்டியவர்களுள் அவர் முன்னோடி. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தை 1964இல் தோற்றுவித்த எழுவருள் ஒரே பெண் அவர்தாம்.

ஒதுக்கப்பட்ட மருத்துவர்களும் ஒதுக்கப்பட்ட நோயாளிகளும் சந்தித்த இடத்தில் உலகுக்கே பயன்படும் அறிவு பிறந்தது. பின்னர் அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனமே, ஆய்வுலகில் இடம் பெறாத சமுதாயங்களின் பிள்ளைகளைப் பள்ளிப் பருவத்திலேயே இனங்கண்டு பயிற்றும் திட்டங்களை வகுத்தது. இதைக் கருணை என்று அவர்கள் கருதவில்லை. நோய் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து ஆய்வாளர் வராவிடில் ஆய்வே குறைபடும் என்று உணர்ந்தனர்.

புகையிலையும் வாய்ப்புற்றும்

இனி நம் ஊருக்கு வருவோம். திண்டுக்கல் என்றதும் பூட்டும் தோலும் புகையிலையும் நினைவுக்கு வரும். ஹைதர் அலியின் சகோதரி அடங்கியிருக்கும் பேகம்பூரை ஒட்டித் தோல் ஷாப்புகள் பெருகின. திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்து போயிற்று. ஸ்பென்ஸர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலை இங்கே பல பத்தாண்டுகள் நடந்தது. மெல்லும் புகையிலையோ இன்றளவும் இவ்வட்டாரத்தின் பெயரைச் சுமந்து ஊர் ஊராகச் செல்கிறது.

வெற்றிலை பாக்கோடு புகையிலை மெல்லுவோருக்கு வாய்ப்புற்று மிகுதியாக வருவதை நம் தென்னாட்டில் பணிபுரிந்த மருத்துவர்களே முதலில் கூர்ந்து கண்டனர். அந்நாளில் திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்திருந்த நெய்யூரின் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஆர், 1933இல் இலண்டன் 'லான்செட்' இதழில் இதைப் பற்றி எழுதினார். 1959இல் டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அடையாற்று நோயாளிகளை ஆராய்ந்து, வாய்ப்புற்றின் காரணங்களைப் பற்றிப் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் வெளியிட்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சு நாட்டு லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலையோடு கூடிய தாம்பூலம் புற்று விளைவிப்பது என்று 1985இல் அறிவித்தது. புகையிலை சேராவிடினும் பாக்கே புற்று விளைவிக்கும் என்று 2004இல் வெளியிட்டது.

இங்கே ஒரு செய்தி நோக்கத்தக்கது. திண்டுக்கல்லுக்கு வடக்கே வேடசந்தூரில் புகையிலைப் பயிருக்கென்று மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் 1948இலேயே அமைந்துவிட்டது. சுருட்டுக்கும் மெல்லுவதற்கும் உரிய புகையிலை வகைகளை அங்கே அறிஞர்கள் ஆய்ந்தனர். அப்புகையிலையை மென்றவர்களின் வாயை ஆராய இச்சமவெளிக்கு ஆய்வாளர் வர மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது. பயிருக்கு வாணிபம் துணை நின்றது. மென்றவனுக்காகப் பேச ஆய்வு மன்றத்தில் ஆளில்லை.

அம்பிளிக்கையில் நடந்தது

திண்டுக்கல் வட்டாரத்தின் கிராமங்களில் மருத்துவப் பயிற்சிக்கு வித்திட்டவர்களுள் டாக்டர் சவுந்தரம் அம்மையார் நினைக்கத்தக்கவர். டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே கணவரை இழந்து, தில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் கற்று 1936இல் தேறியவர். 1947இல் கணவர் ஜி. இராமச்சந்திரனோடு சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினார். கிராமத்துப் பெண்களைச் சுகாதாரப் பணிக்குப் பயிற்றுவதை அந்நிறுவனம் தன் அடிப்படைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் தரியன் முதலானோர் தொடங்கிய மருத்துவமனையும் இச்சமவெளியின் ஏழைகளை நாடி வந்த ஒன்றே.

ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் அமைந்த சமுதாய நல மையம், 1990களின் நடுவில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் துணையோடு கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. பதிவேடு என்பது எளிய சொல், பணி எளியதன்று. ஊர் ஊராகச் சென்று, எவருக்கு எந்த உறுப்பில் புற்று வந்தது, எவர் பிழைத்தார், எவர் மாண்டார் என்று ஆண்டுதோறும் திரட்டி எழுத வேண்டும். சென்னை நகருக்கு அத்தகைய பதிவேடு 1982 முதல் இருந்தது. கிராமத்தின் கணக்கு எவரிடமும் இல்லை. கணக்கெடுத்தபோது திடுக்கிடும் உண்மை வெளிப்பட்டது. இச்சமவெளிக் கிராமங்களின் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்று, உலகில் பதிவான மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்றாக இருந்தது. தாய்மார் பலர் அதைச் சொல்ல நாணி, முற்றிய பின்னரே மருத்துவமனை வாசலை மிதித்தனர்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்நோயைக் கண்டறிய நுண்ணோக்கிச் சோதனை நெடுங்காலமாக வழக்கில் உண்டு. அதற்கு ஆய்வுக்கூடமும் தேர்ந்த நோய்க்குறி அறிஞரும் தேவை. அவை இரண்டும் கிராமத்தில் இல்லை. எனவே எளிய வழியொன்று சோதிக்கப்பட்டது. நீர்த்த காடியைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல விளக்கொளியில் வெறுங்கண்ணால் நோக்க வேண்டும். மாறுதலுற்ற இடம் வெளுத்துத் தோன்றும். புற்றாக மாறுவதற்கு முந்திய நிலையிலேயே அதை உறையவைத்து அழித்துவிடலாம். இப்னு ஸீனா குறித்த தொடக்க நிலைக்கும் முந்திய நிலை இது.

இப்பணியைச் செய்தவர்கள் பெரும் பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர். இதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர். லியோன் முகமையில் பணியாற்றிய டாக்டர் சங்கரநாராயணன், அம்பிளிக்கையின் டாக்டர் ராஜ்குமார், அடையாற்று ஆய்வாளர்கள் ஆகியோர் இம்முயற்சியை வகுத்தனர். திண்டுக்கல் மாவட்டத்தில் 114 பகுதிகள் தெரிந்தெடுக்கப்பட்டன. 57 பகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். எஞ்சிய 57 ஒப்பீட்டிற்கு வைக்கப்பட்டன. 2000 முதல் 2003 வரை 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். அழைக்கப்பட்டோரில் இது ஏறத்தாழ 64 விழுக்காடு. நாணமும் அச்சமும் நிறைந்த ஊர்களில் மூவரில் இருவர் அளவுக்கு வந்தார்கள் என்றால், அழைத்தவரும் பார்த்தவரும் பெண்களாயிருந்ததும் அதற்கொரு காரணம் எனலாம்.

2006 வரை தொடர்ந்து கணக்கெடுத்தனர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007இல் 'லான்செட்' இதழில் இம்முடிவு வெளியாயிற்று. செவிலியர் செய்யும் ஒரே ஒரு முறைச் சோதனை உயிர் காக்கும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டம் உலகுக்குச் சான்றளித்தது. அண்டையிலுள்ள தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசே இச்சோதனையை முன்னோடித் திட்டமாக நடத்தி, பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரித்தது.

ஆராயப்படுவோரும் ஆராய்வோரும்

இவ்வெற்றியோடு ஒரு வினாவும் எழுந்தது. இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளில் ஒப்பீட்டுப் பிரிவைச் சேர்ந்த பெண்களுக்குப் பரிசோதனை அளிக்காமல் விட்டது முறையா என்று மருத்துவ அறநெறியாளர் சிலர் கேட்டனர். அந்நாளில் அவ்வூர்களில் வழக்கமாய்க் கிடைத்த மருத்துவம் அவ்வளவே. புதிதாக எதையும் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை என்று ஆய்வாளர் தரப்பில் விடை கூறப்பட்டது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும், அந்த 57 பகுதிகளில் ஏதேனும் ஒன்றில் பிறந்த பெண் ஒருத்தி ஆய்வை வகுக்கும் அவையில் அமர்ந்திருந்தால், இவ்வினா பின்னர் எழாமல் முன்னரே எழுந்திருக்கும்.

ஆராயப்படுவோராக மட்டும் ஒரு சமுதாயம் இருந்துவிட்டால், அதன் துயரம் பிறர் கணக்கில் எண்ணாக நிற்கும். ஆராய்வோராகவும் ஆகும்போதே அதன் கேள்விகள் ஆய்வின் கேள்விகளாகும். தோல் தூசும் குரோமியச் சேர்மங்களுள் ஒரு வகையும் புற்று விளைவிப்பவை என்று லியோன் முகமை வகைப்படுத்தியுள்ளது. தோல் ஷாப்பில் முப்பது ஆண்டுகள் உழைத்தவரின் மகன் இதைப் படிக்கும்போது அவன் உள்ளத்தில் எழும் கேள்வி, மும்பையிலோ லியோனிலோ இருப்பவருக்கு எழாது. சுருட்டுச் சுற்றிய கையால் சோறூட்டப்பட்ட மகளுக்கு எழும் கேள்வியும் அத்தகையதே.

உதவித்தொகை என்னும் அறம்

கேள்வி எழுந்தால் மட்டும் போதாது. கற்கும் காலத்தில் வயிறு நிரம்ப வேண்டும். இதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பக்தாதில் 1067இல் திறக்கப்பட்ட நிஜாமிய்யா கலைக்கூடத்தில் மாணவர்க்கு உதவித்தொகை இருந்தது. திமிஷ்கில் நூருத்தீன் 1154இல் நிறுவிய மருத்துவமனையும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மன்ஸூரி மருத்துவமனையும் நோயாளிக்குப் படுக்கையோடு மாணவனுக்குப் பாடசாலையும் அளித்தன. இரத்தம் நுரையீரல் வழியே செல்லும் பாதையை விளக்கிய இப்னுந் நஃபீஸ், தம் வீட்டையும் நூல்களையும் மன்ஸூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார். இவை யாவும் வக்ஃபு என்னும் நிலையான அறக்கொடையால் நடந்தவை. மதரஸாவில் உண்டு உறைந்து ஓதியவர்களுக்கு இதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

நம் நாட்டில் ஆறு சிறுபான்மைச் சமுதாயங்களின் ஆய்வு மாணவர்களுக்காக மௌலானா ஆசாத் பெயரில் மத்திய அரசு 2009-10இல் உதவித்தொகை ஒன்றைத் தொடங்கியது. முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த நம் பிள்ளைகள் பலருக்கு அது கைகொடுத்தது. பிற உதவித்தொகைகளோடு ஒன்றுக்கொன்று கலந்துவருவதாகக் காரணம் காட்டி 2022-23 முதல் அது நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மூடிய வாசலை மீண்டும் திறக்கக் கேட்பது நம் உரிமை. அதே வேளையில், திறந்திருக்கும் வாசல்களை அறிந்து நுழையாதிருப்பது நம் இழப்பு.

அவை எவை? அறிவியலில் முதுகலை பயின்றோர் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம், பல்கலைக்கழக மானியக் குழு ஆகியவற்றின் கூட்டு 'நெட்' தேர்வெழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறலாம். 2023 சனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ராவுத்தரையும் மரைக்காயரையும் உள்ளடக்கிய லெப்பை வகுப்பினர் மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால், வருமான வரம்புக்கு உட்பட்டோர்க்கு அப்பிரிவின் சலுகையும் உண்டு. மும்பை டாட்டா நினைவு மையம் கார்கரில் நடத்தும் ஆய்வு நிலையம், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், நம் அடையாறு நிறுவனம் ஆகியவை இத்துறையின் கலைக்கூடங்கள். கல்லூரியில் படிக்கும்போதே இரண்டு மாதம் ஓர் ஆய்வறிஞரிடம் பழகுவதற்கு நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் கூட்டாகக் கோடைப் பயிற்சி நடத்தி வருகின்றன. மணவாழ்வும் மகப்பேறும் காரணமாக ஆய்வை இடையில் விட்ட பெண்கள் திரும்பி வருவதற்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் ஒரு திட்டம் வகுத்து, பிற்காலத்தில் அதைப் புதிய பெயர்களில் விரிவாக்கியது.

மருத்துவத்தை நாடுவோருக்குத் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடும், அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2020 முதல் 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. 2022 சனவரி 12ஆம் நாள் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல்லின் கல்லூரியும் ஒன்று. ஷார்லீப் அம்மையார் காலத்தில் சென்னை வரை சென்று தேட வேண்டியிருந்த கல்வி, இன்று நம் ஊர் எல்லையிலேயே இருக்கிறது.

நம்மால் ஆவது

திருச்சியில் 1951இல் ஜமால் முகமது கல்லூரி எழுந்தபோது அதன் பின்னே நின்றவர்கள் தோல் வணிகத்தில் பொருளீட்டிய பெருமக்கள். அவர்கள் கட்டடத்தோடு நிற்கவில்லை. பட்டதாரிகளின் பரம்பரைகளை உருவாக்கினார்கள். பட்டத்திற்குப் பின் வரும் ஐந்து ஆண்டுகளே இன்று நம் பிள்ளைகள் வழுக்கி விழும் படி. இளங்கலை முடித்ததும் மகனைக் கடையில் உட்காரவைக்கிறோம். அல்லது கடல் கடந்து அனுப்புகிறோம். மகளுக்கு இறுதியாண்டிலேயே நிச்சயம் பேசி விடுகிறோம். ஆய்வு என்பதோ இருபத்திரண்டு வயதில்தான் தொடங்குகிறது. அவ்வயதில் குடும்பம் கைவிட்டால், எந்த அரசின் உதவித்தொகையும் அவர்களைத் தாங்காது.

ஆகவே இரண்டு செயல்களை வேண்டுகிறேன். அறிவியலில் நாட்டமுள்ள மகளை முதுகலை முடிய விட்டு, 'நெட்' தேர்வுக்கு ஓராண்டு அவகாசம் தாருங்கள். மணம் பேசும்போதே அவள் ஆய்வைத் தொடர்வதையும் பேச்சில் சேருங்கள். வசதி படைத்தோர் திண்டுக்கல், சின்னாளபட்டி, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் ஜமாஅத்துகள் வழியாக ஆண்டுக்கு ஒரு மாணவரையேனும் தேர்ந்து, அரசின் உதவித்தொகை கைக்கு வரும் வரை மாதச் செலவை ஏற்றுக் கொள்ளுங்கள். கோடைப் பயிற்சிக்கு மும்பையோ பெங்களூரோ செல்லும் பிள்ளைக்கு ரயில் கட்டணமும் தங்கும் செலவும் தருவதுகூட ஒரு வக்ஃபின் தொடக்கமாகலாம். அம்பிளிக்கையின் பதிவேட்டில் நம் தாய்மாரின் பெயர்கள் நோயாளிகளின் வரிசையில் இருக்கின்றன. அடுத்த பதிவேட்டை எழுதுவோரின் வரிசையில் நம் பெண்மக்கள் இடம் பெறும் நாளுக்கு, இவ்வாண்டே ஒருத்தியை அனுப்பி வழி செய்வோம்.